தண்ணீர்க்குடம் உடைந்த நேரம்

அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் கொக்குவில் ரகுநாதையர் பஞ்சாங்கங்கள் சில கிடந்தன, கறையான் தின்றது போக மிச்சம். ஓரங்களில் பென்சில் எழுத்து: இன்ன மாதம், இன்ன நட்சத்திரம், உதயாதி நாழிகை இத்தனை, விநாடி இத்தனை, ஆண். இன்னொரு வருடத்துப் பஞ்சாங்கத்தில், பெண். ஒன்பது பிள்ளைப்பேறு, ஒன்பது நேரம். அதில் மூன்று நேரத்துக்குச் சாதகம் எழுதப்படவேயில்லை. எழுத முன்னமே பிள்ளை போய்விட்டது.

நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு இருந்த கவனம் அப்படி. அறைக்கு வெளியே மணிக்கூட்டோடு ஒருவர் நிற்பார். உள்ளேயிருந்து குரல் வந்ததும் குறித்துக்கொள்வார். தலை தெரிந்த நேரத்தைக் கொள்வதா, பிள்ளை நிலத்தில் விழுந்த நேரத்தைக் கொள்வதா என்று சாத்திரியாரோடு பிறகு ஒரு வாதமும் நடக்கும். ஆனால் நோவு எப்போது கண்டது, தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. கிரகங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லைத்தானே.

போன மூன்று பிள்ளைகளைப் பற்றி அம்மம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பனையோலை வார்ந்துகொண்டே சொன்னார். "ஒண்டு மாசம் காணாமப் பிறந்தது. ஒண்டு கொடி சுத்தி. மற்றது நல்ல வடிவான பிள்ளை, மோனை. பிறந்தண்டு இரவே முலை பிடிக்கேல்லை. அனுங்கி அனுங்கிக் கிடந்துது. அடுத்த நாள் பின்னேரம் போட்டுது. பறவைத்தோசம் எண்டு சொல்லிச்சினம்." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஈர்க்கு கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த வருடம் என் பெறாமக்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வயிற்றோடு இருந்தார்கள். ஒருத்தி ரொறன்ரோ ஸ்காபரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி இங்கே கோண்டாவிலில். மூன்று பேரும், அவர்களுடைய தாய்மாரும், நானும், எண்பது கடந்த என் அம்மாவும் ஒரே வட்ஸ்அப் குழுவில். ஸ்காபரோக்காரிக்கு முப்பத்தாறாம் கிழமையில் ஒரு சோதனை எடுத்தார்கள். குறூப் பி பொசிட்டிவ் என்று வந்தது. அவள் அழுதுகொண்டு குரல் பதிவு அனுப்பினாள். அம்மா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கட குடும்பத்தில எல்லாரும் ஓ பொசிட்டிவ் எல்லோ. இவளுக்கு என்னண்டு பி பொசிட்டிவ் வந்தது?"

சிரித்தோம். ஆனால் அம்மா பிழையாகக் கேட்கவில்லை. இரத்தவகை என்றால் எங்களுக்குத் தெரியும், கிளினிக் கார்டில் முதல் எழுதுவதே அதுதான். குறூப் பி ஸ்ரெப் என்ற பெயரை இந்தக் குடாநாட்டில் எத்தனை கர்ப்பவதிகள் கேள்விப்பட்டிருப்பார்கள்? அதற்குள் லண்டன்காரி எழுதினாள்: "எனக்கு இஞ்ச அப்பிடி ஒண்டும் எடுக்கேல்லையே!" கோண்டாவில்காரி: "எனக்கும் இல்லை. கேக்கட்டோ?"

ஒரே குடும்பம், ஒரே கிருமி, மூன்று ஊரில் மூன்று விதம். இதை விளங்கிக்கொள்ளப் போய்த்தான் நான் பழைய பஞ்சாங்கம் வரை வந்து நின்றேன்.

அம்மம்மாவின் காலத்துப் பிள்ளைப்பேறு வீட்டின் ஆக இருட்டான அறையில் நடந்தது. காற்றுப் படக்கூடாது என்று சன்னலை அடைத்துவிடுவார்கள். மருத்துவிச்சி வருவாள். பல ஊர்களில் அவள் முன்வாசலால் வரமுடியாத சாதிக்காரி. ஆனால் வெள்ளாள வீட்டுப் பிள்ளையையும் முதலில் ஏந்துவது அவள் கைதான். கூலி நெல், தேங்காய், ஒரு சீலை. மருத்துவிச்சி வாழ்த்து என்று ஒரு பாட்டு வகையே ஈழத்தில் உண்டு. பாட்டில் வைத்த மரியாதையைப் படலையில் வைக்கவில்லை. ஆண்பிள்ளை என்றால் கூரையில் தட்டுவார்கள். பிறகு தாய்க்கு வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை அவித்த வெந்நீர், காயச் சரக்கு, பத்தியக் கறி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு.

அந்த முப்பத்தொரு நாளில் தாய்க்குக் காய்ச்சல் கண்டால் வீடே பதறும். "சன்னி" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ மரணங்களைப் போட்டு மூடினார்கள். இலங்கையில் 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிறப்புக்கு ஒரு தாய் என்று கணக்கைச் சுருக்கினால், ஒவ்வொரு ஒழுங்கையிலும் தாயில்லாப் பிள்ளை ஏன் இருந்தது என்று விளங்கும்.

பழியை எல்லாம் மருத்துவிச்சியின் கையில் போடுவது பின்னாளில் ஒரு வழக்கமானது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1847இல் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வாட்டுகள் இருந்தன. ஒன்று டொக்டர்களுடையது, மற்றது மருத்துவிச்சிகளுடையது. டொக்டர்களின் வாட்டில்தான் தாய்மார் கூடச் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள் என்பதை செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் கண்டுகொண்டார். குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு யூலையில் ஒன்றளவுக்கு இறங்கியது. அதற்காக அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான். நஞ்சு கையோடுதான் வந்தது. படித்த கையா படியாத கையா என்று அது பார்க்கவில்லை.

அதே 1847 ஒக்ரோபரில்தான் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அடுத்த வருடம் மானிப்பாயில் குடியேறினார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று நம்பி, மோன்செல் எழுதிய பிரசவ நூல் உட்பட ஆயிரக்கணக்கான பக்கங்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கருப்பையும் கொப்பூழ்க்கொடியும் வைத்தியப் பாடப்புத்தகத்தில் தமிழில் அச்சேறியது இந்த மண்ணில் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1873இல் அவர் ஊர் திரும்பினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். எல்லாரும் ஆண்கள். அந்த இருட்டறைக்குள் ஆண் வைத்தியரை விடுவதற்கு எங்கள் வீடுகள் ஆயத்தமாக இருக்கவில்லை.

அதனால்தான் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி வந்தது. மேரி, மார்கிறட் லீச் என்ற சகோதரிகள் கடல் கடந்து காசு சேர்த்தார்கள். 1890களின் இறுதியில் அது திறந்தது. அங்கே வேலைக்கென்று கனடாவிலிருந்து அமர்த்தப்பட்டவர் மேரி இர்வின். வரும் வழியில் ஒரு தமிழரைக் கலியாணம் செய்துகொண்டார், மிசன் அவரை ஏற்கவில்லை. அவரே பிற்பாடு கொழும்பில் புகழ்பெற்ற டொக்டர் மேரி இரட்ணம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒரு நல்ல டொக்டரை இழந்த காரணத்தைப் பாருங்கள்! ஆனாலும் இணுவில் ஆஸ்பத்திரி ஓடியது. என் அம்மா பிறந்தது அங்கேதான். அம்மம்மா ஏழாவதுக்கு மாட்டு வண்டிலில் போனாராம். போன மூன்றில் எதுவும் அதற்குப் பிறகு இல்லை.

இதற்குள் நாட்டில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை மெல்ல மெல்ல எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாது சைக்கிளில் வீடு வீடாகப் போனார். இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம், ஊர் இன்னும் "மிட்வைப் பிள்ளை" என்றுதான் கூப்பிடும். சல்பா மருந்தும் பின்னர் பென்சிலினும் வந்தன. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில். தாய் மரணம் லட்சத்துக்குப் பத்துக்கணக்கில்தான். இலங்கை இதைப் பணக்கார நாடாகி அடையவில்லை, அந்தச் சைக்கிளால் அடைந்தது.

பெரிய சன்னி போனபிறகுதான் சின்னவனான குறூப் பி ஸ்ரெப்பின் முகம் தெரிந்தது.

அவனுடைய கதை மாட்டுப்பட்டியில் தொடங்குகிறது. மாடு வளர்த்தவர்களுக்கு மடிவீக்கம் தெரியும். மடி கல்லாகும், பால் திரியும், பிறகு வற்றிப்போகும். 1887இல் பிரான்சில் இருவர் அந்த மடியில் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்த ஒரு கிருமியைக் கண்டார்கள். பிற்பாடு அதற்கு வந்த பெயர் ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே. கடைசிச் சொல்லுக்குப் பாலற்றது என்று பொருள். 1933இல் நியூயோர்க்கில் ரெபெக்கா லான்ஸ்பீல்ட் என்ற பெண் இந்தச் சங்கிலிக் கிருமிகளை எழுத்துகளால் வகைபிரித்தார். செம்மல்வைஸ் காலத்துத் தாய்மாரைக் கொன்றது ஏ. மாட்டிலும் பாலிலும் இருந்தது பி. இரண்டு வருடம் கழித்து, பிரசவித்த பெண்களிலும் பி இருப்பதை அவரே கண்டார். பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு கேடும் இருக்கவில்லை. 1938இல் அது தாய்மாரைக் கொன்ற மூன்று நிகழ்வுகளைப் பிறை என்ற வைத்தியர் எழுதினார். அதன் பிறகு முப்பது வருடம் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1970கள் வர, அமெரிக்காவில் புதிதாகப் பிறந்த பிள்ளைகளைக் கொல்லும் கிருமிகளில் அது முன்னுக்கு நின்றது.

சன்னிக் கிருமி வெளியிலிருந்து கையோடு வந்தது. இது அப்படியில்லை. சுகதேகியான பெண்ணின் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சும்மா குடியிருக்கிறது. நோயில்லை, வலியில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. வரும், போகும். உலக அளவில் நூறு கர்ப்பவதிகளில் பதினெட்டுப் பேரளவில் இதைக் காவித் திரிகிறார்கள். தெற்காசியாவில் பன்னிரண்டு, பதின்மூன்று. காவும் தாய்க்கு மருந்து ஒன்றும் கொடுக்காவிட்டால், பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்கு இது தொற்றும். தொற்றிய பிள்ளைகளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நூறு காவித் தாய்மாருக்கு ஒரு பிள்ளை, கூடினால் இரண்டு பிள்ளை நோயில் விழும். சின்ன எண்தான். ஆனால் விழுந்த பிள்ளை கெதியாக விழும். பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள். மூச்சு வேகமாகும், அனுங்கும், பால் பிடிக்காது, துவண்டு கிடக்கும்.

இந்த அடையாளங்களை நான் முதன்முதல் ஒரு வைத்தியக் கட்டுரையில் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எண்பது வருடத்துக்கு முந்திய ஒரு பிள்ளைக்கு இன்று நோய்ப்பெயர் எழுத எனக்குத் தகுதியில்லை. வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். பறவைத்தோசம் என்று சொன்னவர்களும் கண்ணால் கண்டதைத்தான் ஒரு சொல்லில் போட்டார்கள்.

சோதனை மிக எளிது. முப்பத்தாறு, முப்பத்தேழாம் கிழமையில் ஒரு பஞ்சுக்குச்சி. முதலில் பெண்ணுறுப்பின் வாயிலில், பிறகு அதே குச்சி ஆசனவாயில். தாயே எடுத்துக்கொடுக்கலாம். ஆய்வுகூடத்தில் அதை ஒரு இரவு வளர்சாறில் ஊறவிட்டு, ஆட்டிரத்தம் கலந்த கூழ்த்தட்டில் இழுப்பார்கள். நாங்கள் ஆட்டிரத்தத்தை வெங்காயமும் மிளகும் போட்டு வறுக்கிறவர்கள், கிருமிக்கும் அதே ருசிதான். கிருமி முளைத்த இடத்தைச் சுற்றி இரத்தம் கரைந்து மெல்லிய வளையம் விழும். விடை வர இரண்டு மூன்று நாள். ஐந்து கிழமைக்கு அந்த விடையை நம்பலாம், அதற்குமேல் நம்பமுடியாது. அதனால்தான் ஏழாம் மாதத்தில் எடுப்பதில்லை.

விடை பொசிட்டிவ் என்றாலும் உடனே மருந்து இல்லை. இது விளங்காமல்தான் ஸ்காபரோக்காரி அழுதாள். இன்று குளிசை குடித்து விரட்டினால் நாளை குடலிலிருந்து திரும்பி வந்துவிடும். மருந்து நோவு கண்டபிறகுதான், நரம்பு வழியாக. முதலில் ஐம்பது லட்சம் அலகு பென்சிலின், பிறகு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அதில் பாதி, பிள்ளை பிறக்கும் வரை. பிள்ளை பிறக்க நாலு மணித்தியாலமாவது முந்தி முதல் ஊசி ஏறியிருந்தால் நல்லது. ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து. நோவு காண முன்னமே, குடம் உடையாமல் திட்டமிட்டு வயிற்றை அறுத்து எடுக்கும் பிள்ளைக்கு இந்த ஊசி தேவையில்லை. இந்த ஊசி பிறந்த முதல் கிழமைக்குரிய நோயைத்தான் தடுக்கும். ஒரு கிழமைக்குப் பிறகு மூன்று மாதம் வரை வரக்கூடிய பிந்திய நோயை அது தடுக்காது. இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா 1996இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது, 2002இல் எல்லாக் கர்ப்பவதிகளுக்கும் பஞ்சுக்குச்சி என்று முடிவெடுத்தது. 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.7க்கு மேல் இருந்த நோய் 2015இல் 0.23 ஆகியது. கனடாவும் பிரான்சும் எல்லாருக்கும் எடுக்கின்றன. பிரித்தானியா எடுப்பதில்லை. ஆபத்துக் குறி உள்ள தாய்க்கு மட்டும் மருந்து என்பது அவர்களுடைய வழி. ஒரு பிள்ளையைக் காக்க நூற்றுக்கணக்கான தாய்மாருக்கு மருந்து ஏற்றுவதா, நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பழகிப்போகும் கிருமிகளை நாங்களே வளர்ப்பதா என்பது அவர்களுடைய கேள்வி. அங்கே நோய் ஆயிரத்துக்கு அரை சொச்சம். பிள்ளையை இழந்த பெற்றோர் அங்கே வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். லண்டன்காரி காசு கட்டி ஒரு சோதனைப் பொதியைத் தபாலில் எடுப்பித்தாள், நெகட்டிவ். காசு போனாலும் நித்திரை வந்தது என்றாள்.

கோண்டாவில்காரியின் கேள்விக்கு வருவோம். "கேக்கட்டோ?"

அவளுடைய எச் 512 கார்டை விரித்துப் பார்த்தேன். அம்மம்மாவின் பஞ்சாங்க ஓரத்துக்கும் இந்தக் கார்டுக்கும் இடையில்தான் இந்தக் கதை முழுக்கக் கிடக்கிறது. இரத்தவகை, இரும்புச்சத்து, சீனி, மேகநோய்க்கான வீ.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி., ஏற்புவலி ஊசி, அமுக்கம், நிறை, வயிற்றின் உயரம். எல்லாம் இலவசம். தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் போவதை இல்லாமலாக்கிய நாடு என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. சும்மா கிடைத்த சான்றில்லை. நெடுந்தீவில் இருப்பவளின் இரத்தத்தையும் எடுத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததால் கிடைத்தது.

அந்தக் கார்டில் குறூப் பி ஸ்ரெப்புக்கு எல்லாத் தாய்மாருக்குமான கட்டம் இல்லை. இலங்கையிலும் ஆபத்துக் குறியைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழிதான். சலத்தில் இந்தக் கிருமி கண்டால், முந்திய பிள்ளைக்கு இது வந்திருந்தால், முப்பத்தேழு கிழமைக்கு முன்னம் நோவு கண்டால், நோவில் காய்ச்சல் இருந்தால், குடம் உடைந்து பதினெட்டு மணித்தியாலம் கடந்தால், சோதனை இல்லாமலே மருந்து ஏறும். பஞ்சுக்குச்சி வேண்டும் என்று வைத்தியர் நினைத்தால் எழுதிக்கொடுப்பார்.

எல்லாருக்கும் எடுக்கவேண்டும் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு இந்தக் குடாநாட்டின் முப்பது வருடம் ஞாபகம் வருகிறது. வளர்ப்புச் சோதனைக்கு வேண்டியது கிருமி உறங்காத ஒரு சூட்டுப் பெட்டி, இரவு முழுக்க 35 பாகைக்கு மேல். 1990க்குப் பிறகு வருடக்கணக்காக எங்களுக்கு மின்சாரமே இல்லை. பெரியாஸ்பத்திரி ஜெனரேற்றருக்கு எண்ணெய் பார்த்துப் பார்த்து ஊற்றிய காலம். செஞ்சிலுவைக் கொடி பறந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போக, ஊரடங்கு நேரத்தில் லாந்தரும் வெள்ளைத் துணியும் பிடித்துக்கொண்டு வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியை நடத்திக் கொண்டுபோனார்கள். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி ஊரே இடம்பெயர்ந்தபோது செம்மணி வெளியில் மழைக்குள் நோவு கண்டவர்களும் உண்டு. படித்த பெண்கள் மறுபடி ஊர்க் கிழவிகளின் கையைத் தேடினார்கள். 2006இல் ஏ9 வீதி மூடியபோது பென்சிலினும் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. 2022இல் யுத்தம் இல்லாமலே ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டது, ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை.

அந்த அனுபவம் உள்ளவளாகச் சொல்கிறேன். எந்தச் சோதனையையும்விட முதலில் வேண்டியது அந்த நாலு மணித்தியாலம். பொசிட்டிவ் என்று அறிந்தும் பிந்தி வந்தால் அறிந்ததால் பயன் குறைவு. சோதனையே எடுக்காமல், குடம் உடைந்ததும் புறப்பட்டு வந்தவளுக்கு ஆபத்தைக் கணக்குப் பார்க்க நேரம் இருக்கும். நெடுந்தீவுத் தாய்மார் நாள் கிட்டவே கரைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குகிறார்கள். குறிகட்டுவானுக்கு வள்ளம் ஒரு மணித்தியாலம், காற்று எழும்பினால் அதுவும் இல்லை. தீவில் இருப்பவளுக்கு விளங்கிய இந்தக் கணக்கு, ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடத்தில் இருக்கும் எங்கள் வீடுகளுக்குத்தான் விளங்குவதில்லை. குடம் உடைந்த பிறகும் "நோவு வரட்டும் பாப்பம்" என்று மல்லித்தண்ணி அவித்துக்கொண்டிருப்போம். இராகு காலம் முடியட்டும் என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்த மாப்பிள்ளைமாரையும் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. மேல்நாட்டில் செய்கிறார்கள் என்பதால் இங்கே செய்யாதது எல்லாம் குறை என்று வட்ஸ்அப்பில் எழுதுகிற புலம்பெயர் சித்திமாருக்கு லண்டனையும் ஸ்காபரோவையும் அருகருகே வைத்துக் காட்டலாம். அந்த நாடுகளே இன்னும் ஒத்துப்போகவில்லை. 2021இல் வெளிவந்த கணக்கின்படி, உலகத்தில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் அளவிலான பிள்ளைகள் வயிற்றிலும் பிறந்த பிறகும் இந்தக் கிருமியால் சாகின்றன. தாய்க்குக் கர்ப்பத்தில் போடும் தடுப்பூசி ஒன்று பரிசோதனையில் இருக்கிறது. அது வந்தால் பஞ்சுக்குச்சியும் சூட்டுப் பெட்டியும் நாலு மணித்தியாலமும் பழங்கதையாகலாம். எங்கள் மிட்வைப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது புதிதில்லை.

கோண்டாவில்காரி கிளினிக்கில் கேட்டாள். வைத்தியர் சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. முதல் பிள்ளை, சலத்தில் ஒன்றும் இல்லை, உனக்கு இப்போது அவசியமில்லை என்றார். பிறகு கார்டின் பின்பக்கத்தைக் காட்டி, குடம் உடைந்தால் எத்தனை மணிக்கு உடைந்தது, தண்ணி என்ன நிறம், காய்ச்சல் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு நேரே வா, நோவுக்குக் காத்திராதே என்றார். பெறாமகள் இதை அப்படியே குழுவில் எழுதினாள். அம்மா ஒரு கைகூப்பும் படம் போட்டார்.

ஸ்காபரோக்காரிக்கு இரண்டு ஊசி ஏறி ஆண்பிள்ளை. லண்டன்காரிக்குப் பெண். ஸ்காபரோ மாமி கூரை தட்டலாமா என்று கேட்க, அது பன்னிரண்டாம் மாடி என்று மருமகன் சொன்னாராம்.

கோண்டாவிலில் அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தபோது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "நோவு இல்லையெண்டா ஏன் இந்தச் சாமத்தில வெளிக்கிடுறியள்? விடியட்டும். விடிஞ்சா நல்ல நேரம்." ஓட்டோ ஏற்கெனவே படலைக்கு வந்துவிட்டது. பெறாமகள் பதில் சொல்லவில்லையாம். பையிலிருந்து கார்டை எடுத்து, மேசையில் கிடந்த பஞ்சாங்கத்தின் மேல் வைத்து, அம்மாவின் பேனையால் எழுதினாள்: 1.40, நிறமில்லை, காய்ச்சல் இல்லை.